கழுவின காசு

"யார் தம்பி இதைக் கழுவினது?"

சில வருஷங்களுக்கு முன்னால் திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் பழைய காசும் பித்தளைச் சாமானும் வாங்கி விற்கும் ஒரு வயதான பாய். கேட்கப்பட்டது ஐந்து வெள்ளி ரூபாய்களைப் பற்றி. கழுவினவன் நான்தான். ஆனால் அவர் கேட்ட விதத்தில், "யார் இந்தக் குழந்தையை அடித்தது?" என்று கேட்பதுபோன்ற ஒரு தொனி இருந்தது. அதனால் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தயக்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது என்று சொல்லலாம்.

காசுகள் என்னுடையவை அல்ல. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த ஒரு மாமியுடையவை. பேரனின் காலேஜ் சம்பளத்துக்குக் கொஞ்சம் பணம் குறைந்தது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அவருடைய மாமியார் வைத்துவிட்டுப் போன காசுகளாம். விக்டோரியா ராணியின் தலை போட்டவை இரண்டு. மொட்டைத் தலை ராஜா என்று மாமி சொல்லும் ஏழாவது எட்வர்டு காசு ஒன்று. ஐந்தாம் ஜார்ஜின் காசுகள் இரண்டு. எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. "நாலு இடம் தெரிஞ்சவன் நீ. நல்ல விலைக்குக் கொடுத்துட்டு வா" என்றார்.

நல்ல விலைக்கு விற்கவேண்டிய சாமானை அழுக்கோடு கொண்டுபோகலாமா? அன்று இரவு புளியைக் கரைத்துக் காசுகளை ஊறப் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பல்பொடி போட்டு, பழைய வேட்டித் துணியால் கை வலிக்கத் தேய்த்தேன். நான்கு காசு முடிந்தது. ஐந்தாவதை ஊறப் போடப் போகும்போது மின்சாரம் நின்றுவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவன், காலையில் மறந்துபோனேன். இந்தச் சின்ன மறதி பின்னால் முக்கியமாகப் போகிறது. வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, பெரிய கடை வீதி வழியாக மார்க்கெட்டுக்கு நடந்தேன். வெங்காய மூட்டைகளையும் தலைச்சுமைக்காரர்களையும் கடந்து அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. பையில் இருந்த காசுகள் அப்படிப் பளபளத்தன.

பாய் காசின் முகத்தைத் தொடவே இல்லை. விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, மேஜை விளக்கின் அடியில் மெள்ளத் திருப்பினார். அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன கேள்வி.

"நேத்து ராத்திரி" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார். "பாருங்க. அச்சடிச்ச காசை விளக்கிலே திருப்பினா, வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுத்தி வரணும். தேஞ்ச காசா இருந்தாலும் எழுத்து ஓரத்திலே கொஞ்சம் மிச்சம் இருக்கும். இதிலே வெளிச்சம் அசையவே இல்லை. எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை. தேஞ்ச காசு இவ்வளவு மினுக்கினா, தலைக்குச் சாயம் போட்ட கிழவன் மாதிரிதான். நம்பக் கூடாது."

கண்ணாடி வழியே பார்த்தேன். விக்டோரியா ராணியின் கன்னத்தில் தலைமயிரைவிட மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் ஒரே திசையில் ஓடின. பையில் கிடந்து பட்ட கீறல் நாலு பக்கமும் போகும். இப்படி அணிவகுத்து நிற்பது மனிதன் கைக் கீறல் என்று பாய் விளக்கினார். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இருந்த வெளி, சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது.

பிறகு, நான் தேய்க்க மறந்த ஐந்தாவது காசை எடுத்தார். 1919-ஆம் வருஷத்துக் காசு. அதைச் சாய்த்துக் காட்டியபோதுதான் நான் முந்தின இரவு செய்த காரியம் எனக்கே விளங்கிற்று. கறுப்பு என்று நான் நினைத்தது கறுப்பே அல்ல. விளிம்பில் கருநீலம், உள்ளே வரவர ஊதா, நடுவில் பழந்தேன் நிறம். எழுத்துகளின் நிழலில் கனமாகவும், விரல் படும் மேடுகளில் மெல்லிசாகவும் அந்த நிறம் படிந்திருந்தது. "இது வர அம்பது அறுபது வருஷம் ஆவும். இதை யாரும் எப்பவும் தேய்ச்சதில்லை. முன்னாலே தேய்ச்சிருந்தா நிறத்துக்கு அடியிலே கீறல் தெரியும். ஒண்ணுகூட இல்லை" என்றார் பாய்.

இதன் காரணத்தைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். காற்றில் கலந்திருக்கும் கந்தக ஆவி வெள்ளியோடு சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகிறது. ஆகவே அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல. வெள்ளியே தன் மேல்தோலைக் கொடுத்து வளர்த்துக்கொண்ட போர்வை. அதைத் தேய்த்து எடுக்கிறவன் அழுக்கை எடுக்கவில்லை, காசையே எடுக்கிறான். அந்தக் காலத்து ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நான் பல்பொடியால் எடுத்தது தராசில் தெரியாத அளவாகத்தான் இருக்கும். ஆனால் சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்தத் தராசில் தெரியாத தோலுக்குத்தான். வெளிநாடுகளில் காசுகளைத் தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் நிறுவனங்கள், இப்படிப்பட்ட காசை அடைத்துத் தரும் உறையின் மேலேயே 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிவிடுகின்றன.

இதைவிட மோசமான செய்தி ஒன்று பாக்கி இருந்தது. நான் தேய்த்த நான்கில் ஒன்று 1911-ஆம் வருஷத்துக் காசு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள சங்கிலியில் ஒரு சின்ன யானை உண்டு. அந்த முதல் அச்சில் தும்பிக்கை குட்டையாகிப் போய், யானை பன்றிபோலத் தோன்றியது. பன்றி ரூபாய் என்று பெயர் வந்து, மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. சர்க்கார் அச்சை மாற்றி, வெளியே போகாத காசுகளை உருக்கிவிட்டது. மிஞ்சியவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

பாய் சிரித்தார். "அவ்வளவு சண்டையிலும் உருகாமத் தப்பிச்ச காசு, தம்பி. உங்க கையிலே மாட்டிக்கிச்சு!"

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை. நான்கு காசுக்கும் வெள்ளி விலைதான் கொடுக்க முடியும் என்றார். ஐந்தாவதுக்குக் கொஞ்சம் கூட. யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சந்து முனையில் ஒரு தரகர் என்னைப் பிடித்துக்கொண்டார். கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "கவலைப்படாதீங்க சார். கந்தகப் புகை காட்டினா நாலு நாள்லே பழைய நிறம் வந்துடும். பாய் கண்ணுக்குத் தெரியும். எல்லாருக்கும் பாய் கண்ணா இருக்கு? வெளியூர்லே ஒருத்தர் பதினொண்ணாம் வருஷத்துக் காசு கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார்.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. முதல் உலகப் போருக்குப் போன இந்த ஊர்க்காரர்களுக்காக மார்க்கெட் அருகே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறதே, அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு நெடுநேரம் யோசித்தேன். பணம் எனக்காக அல்ல, ஒரு கிழவிக்காக. நஷ்டம் என்னால் வந்தது; அதைச் சரிக்கட்டுவது என் கடமை. வாங்கப் போகிறவரோ பணக்காரர். காசை அலமாரியில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்படப் போகிறவர். அவருக்குத் தெரியாதவரை அவருடைய சந்தோஷத்தில் என்ன குறை? குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா? தனக்கு வேண்டியபோது மனிதனுக்குக் குறள் எவ்வளவு சீக்கிரம் ஞாபகம் வருகிறது!

அப்போது எனக்கு வள்ளுவரைவிட உதவி செய்தது ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று. 1323-இல் டில்லிப் படை வந்தபோது, கோயிலின் உற்சவ மூர்த்தியைப் பிள்ளை லோகாசாரியர் முதலானவர்கள் வெளியே கொண்டுபோனார்கள். மூர்த்தி ஊர் ஊராகச் சுற்றி, 1371-இல் விஜயநகரத்துக் கோபணார்யரின் முயற்சியால் திரும்பி வந்தார். அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இங்கே வேறொரு மூர்த்தி எழுந்தருளியிருந்தார். பழையவர் எவர் என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது, முன் காலத்தில் பெருமாளின் வஸ்திரங்களைத் துவைத்து வந்த ஒரு கண் தெரியாத கிழ வண்ணான் கிடைத்தான் என்று கோயிலொழுகு சொல்கிறது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த நீரை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் பருகிப் பார்த்துக் கஸ்தூரியின் வாசனையைக் கொண்டு, இவரே நம்பெருமாள் என்று சொன்னான். அந்தப் பெயரே நிலைத்தது.

இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் வேறொன்று தென்பட்டது. உண்மையைக் கண்டுபிடித்தவன் பண்டிதன் அல்ல, துவைக்கிறவன். வருஷக் கணக்காகக் கழுவியும் அந்த வாசனை போகவில்லை; கழுவினவனுக்குத்தான் அது தெரிந்தும் இருந்தது. ஆகவே கழுவுவது பாவம் அல்ல. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை என்னும் சேரனின் வெள்ளிக் காசைப் போன்றவற்றை நினைத்துப் பாருங்கள். மண்ணும் களிம்பும் மூடிய காசைப் பக்குவமாகச் சுத்தம் செய்யாவிட்டால் யாரால் எழுத்தைப் படிக்க முடியும்? அங்கே கழுவுவது காசைப் பேச வைக்கிறது. நான் கழுவினது காசின் வாயை அடைத்துவிட்டது. ஆனால் அதுவும் அறியாமையே தவிர அயோக்கியத்தனம் அல்ல. அயோக்கியத்தனம் அடுத்த படியில், கழுவவில்லை என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இந்தப் படி வழுக்கத்தான் செய்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலின் பளிங்குச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் புது மண்டபம் கட்டப் பணம் கொடுத்த டுவீன் பிரபுவுக்குப் பளிங்கு என்றால் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று ஆசை. 1937, 1938-ஆம் வருஷங்களில் வேலையாட்கள் செப்புக் கருவிகளால் அவற்றைச் சுரண்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துத் தோல் சில இடங்களில் போய்விட்டது. மியூசியத்தார் விஷயத்தைக் கூடியமட்டும் அடக்கியே வைத்திருந்தார்கள். 1999-இல்தான் அறிஞர்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசினார்கள். சுரண்டியவர்களை உலகம் பரிதாபத்தோடு மன்னித்துவிடும். மறைத்ததைத்தான் அத்தனை சுலபமாக மன்னிக்க முடிவதில்லை.

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத பணக்காரரிடம் உண்மையாக நடந்துகொள்வது சுலபம். மாமியிடம் எப்படிச் சொல்வது? உங்கள் காசு உண்மையில் நல்ல விலை போயிருக்கும், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லி அந்த வயதில் அவருக்கு ஒரு வருத்தத்தை உண்டாக்குவானேன்? 'வெள்ளி விலைதான் தருகிறார்கள்' என்று மட்டும் சொன்னால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆனால் அதுவும் கந்தகப் புகைதான். என் கீறலின் மேல் நானே பூசிக்கொள்ளும் நிறம். சொல்லிவிட்டேன். புளி, பல்பொடி, பன்றி ரூபாய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

மாமி ஒரு நிமிஷம் காசுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ஏண்டாப்பா, இதுக்கா இப்படி முகத்தை வச்சுண்டிருக்கே? நான் வருஷா வருஷம் ஸ்ரீராமநவமிக்கு இதுகளைத் தேய்ச்சுண்டுதானே இருந்தேன். உன்னாலே புதுசா ஒண்ணும் கெட்டுப்போயிடலே. கை காலை அலம்பிண்டு வா, காப்பி ஆறிடும்" என்றார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. காப்பியில் பாதி குடிக்கும்வரைதான் அது நீடித்தது. அப்புறம் அந்த ஐந்தாவது காசு நினைவுக்கு வந்துவிட்டது. கருநீலமும் ஊதாவும் தேன் நிறமுமாக, ஒரு கீறல்கூட இல்லாமல், என் பையிலேயே இருந்தது அது. வருஷா வருஷம் தேய்த்த காசு அப்படி இருக்காது. ஐந்தும் ஒரே முடிப்பில் கிடந்தவை. மாமி அவற்றை ஒருநாளும் தேய்த்ததில்லை.

நான் பேசாமல் காப்பியைக் குடித்து முடித்தேன்.

அன்றுமுதல் அந்த இரண்டு பொய்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தரகர் சொல்லச் சொன்னதும் பொய். மாமி சொன்னதும் பொய். இரண்டும் ஒரு கீறலை மூடுவதற்காகச் சொன்னவை. இரண்டிலும் யாருக்கோ நன்மை இருக்கிறது. அப்படியிருந்தும் ஒன்றை நினைத்தால் கூசுகிறது, மற்றொன்றை நினைத்தால் கண் கலங்குகிறது. ஏன்? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். தரகரின் பொய்க்கு விலை கொடுக்கப் போகிறவர் வேறு ஒருவர். அதுவும் தெரியாமல் கொடுக்கப் போகிறவர். மாமியின் பொய்க்கு விலையை மாமியே கொடுத்துவிட்டார். தம்முடைய நஷ்டத்தைத் தாமே எழுதிக்கொண்டு என் கணக்கைக் கழித்துவிட்டார். வள்ளுவர் குற்றமற்ற நன்மை என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பொய் குற்றமற்றதா என்று பார்க்க வேண்டுமானால், அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காசுகளைப் பாயிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, மேலே வருஷத்தை எழுதினார். நான்கு உறைகளில் வருஷத்துக்குப் பக்கத்தில் 'கழுவினது' என்று எழுதினார். "வாங்கறவன் கேக்கறதுக்கு முன்னாலே நாம சொல்லிடணும். கேட்டப்புறம் சொன்னா அது உண்மை இல்லை, மாட்டிக்கிட்டது" என்றார்.

அவர் கொடுத்த பணத்தோடு என் கையிலிருந்து கொஞ்சம் சேர்த்து மாமியிடம் கொடுத்தேன். "பாய் மனசு இறங்கிக் கொஞ்சம் கூடவே கொடுத்தார்" என்றேன். அதற்கு நானேதான் பணம் கட்டினேன். ஆகையால் என் விதிப்படி அது குற்றமற்ற பொய்யாக இருக்கவேண்டும். ஆனாலும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மாமிக்காகக் கொடுத்தேனா, என் மனசு உறுத்தாமல் இருப்பதற்காகக் கொடுத்தேனா? உறுத்தல் தீருவதற்காகக் கொடுத்திருந்தால், நான் விலைக்கு ஏதோ வாங்கியிருக்கிறேனே தவிர எதையும் கொடுக்கவில்லை. எந்த நல்ல காரியத்தையும் இப்படி விளிம்பைப் பிடித்து விளக்கில் திருப்பினால், ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் சில தெரியத்தான் செய்கின்றன.

மாமி நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பணத்தை அந்தப் பழைய மஞ்சள் துணியிலேயே முடிந்து பெட்டியில் வைத்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டு, நாளைக்கே சம்பளத்தைக் கட்டிவிடச் சொன்னார்.